எண்பதாவது நாள்

மூன்று முறை குலவையிட்டார்கள்.
ஆண் என்றால் ஏழு.
எண்ணக்கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டேன்;
காது எண்ணிவிட்டது.

முந்தைய இரண்டு பேறுகளிலும் அதே மூன்று.
கஷாவ் வாசலுக்கு வெளியே
மூன்றாவது அடங்கிய பிறகும் சற்று நின்றான்,
இன்னொன்று வருமோ என்று.
பிறகு விறகு பிளக்கப் போனான்.

மருத்துவச்சி அஸ்நாகெச் கூழ் கிண்டினாள்.
நடுவில் குழித்து வெண்ணெய் ஊற்றி
"மரியாள் வந்துபோன வீடு இது,
முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே" என்றாள்.
இடுப்பு நொறுங்கிய அந்த இரவெல்லாம்
எல்லாரும் மரியாளைத்தான் கூப்பிட்டார்கள்.
நானும்தான்.
என் பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை.

பையன் பிறந்தால் நாற்பது நாள்,
பெண் பிறந்தால் எண்பது.
அதுவரை தாய்க்கும் மகளுக்கும்
கோயிலுக்குள் இடமில்லை.
சட்டம் பழையது.
யார்மேலும் கோபமில்லை என்று சொன்னால் பொய்.

தெப்ரெ தாபோரின் குளிரில்
ஞாயிறுதோறும் வெள்ளைச் சால்வைக்குள் அவளைச் சுற்றி
மதிலுக்கு வெளியே ஒலிவ மரத்தடியில் நின்றேன்.
உள்ளே முரசு. உள்ளே தூபம்.
வெளியே நாங்கள்:
விலக்கான ஒரு கல்லூரிப் பெண்,
பசி பொறுக்காமல் விடியலிலேயே தின்றுவிட்ட பிச்சைக்காரர்,
யாருடையதோ ஒரு கழுதை.
ஒலிபெருக்கி கரகரத்து நின்றபோதெல்லாம்
கர்த்தர் பாதி வார்த்தையில் நின்றார்.

இதற்கு முன் எனக்கு ஒரு மேசை இருந்தது.
நிலப்பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்துவேன்.
என் கையெழுத்துக்காக
குடையும் கோழியுமாக வரிசை நிற்கும்.
இப்போது என் முன்னால் ஒருத்திதான்.
இரவு மூன்று மணிக்கும் வருகிறாள்,
எந்தத் தாளும் கொண்டுவராமல்.
பால் கட்டி மார்பு கல்லாகிக் கிடக்கையில்
முகட்டுத் தகரத்தைப் பார்த்துக் கேட்டேன்:
இதை எந்தப் பதிவேட்டில் எழுதுகிறீர், ஆண்டவரே?
தகரம் காற்றில் படபடத்தது.
அவ்வளவுதான்.

அறுபத்து நான்காம் நாள் மரியாளின் பிறந்தநாள்.
தெருப் பெண்கள் முற்றவெளியில் அடுப்பு மூட்டி
கோதுமையும் கடலையும் வேகவைத்தோம்.
மேகம் கறுத்து வந்தது.
"உள்ளே கொண்டுபோகலாமே" என்றாள் என் மூத்தவள் மஸ்தேவால்.
"இன்றைக்குக் கூடாது.
அவள் வெட்டவெளியில் பிறந்தவள், லெபனோன் மலையில்"
என்றாள் பக்கத்து வீட்டு வோர்க்நேஷ்.
ஆறு வயதுக்காரி கடலையை மென்றபடி கேட்டாள்:
"அவளுக்கு எத்தனை குலவை?"

கரண்டிகள் நின்றன.
வோர்க்நேஷ் என்னைப் பார்த்தாள்.
முதல் தூறல் அடுப்பில் விழுந்து சீறியது.
"மூன்று" என்றேன் நான்.

அப்படியானால் ஹன்னாவும்
நின்றிருக்கிறாள், எண்பது நாள்.
முதிர்ந்த வயதில் கிடைத்த பெண்ணைத் தோளில் சாய்த்து
ஆலயத்தின் மதிலோரம், கால் மாற்றிக் கால் மாற்றி.
உள்ளே அவர்கள் கடவுளை வரும்படி பாடிக்கொண்டிருந்தார்கள்.
பிற்பாடு அவருக்கு எலும்பும் ரத்தமும் தரப்போகிறவள்
வெளியே, தாயின் கழுத்தில்
பால் கக்கிக்கொண்டிருந்தாள்.
ஹன்னாவுக்கு அது தெரியாது.
துடைத்துவிட்டாள். மறுபடி ஊட்டினாள்.

அதற்குப் பிறகும் இடுப்பு வலித்தது.
மாவு புளித்துப் பொங்கி வழிந்தது,
இரண்டாமவளுக்குக் காய்ச்சல்.
ஆனால் ஒலிவ மரத்தடியில்
நிமிர்ந்து நின்றேன்,
எனக்குக் குறித்துக் கொடுத்த இடம்போல.
கழுதைக்குக்கூட அது தெரிந்திருக்கும்;
சற்றுத் தள்ளி நின்றது.

எண்பதாவது விடியல்.
தண்ணீரில் மூழ்கி எழுந்தவள்
குருவின் பொன்சரிகை அங்கியை நனைத்துவிட்டாள்,
தன் சொந்த வெந்நீரால்.
அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.
கழுத்தில் நூல் கட்டி ஞானஸ்நானப் பெயர் சொன்னார்:
வெலெத்தெ ஹன்னா.
ஹன்னாவின் மகள்.

யாரோ என்னைக் கூப்பிட்டது போலிருந்தது.
"இதோ" என்று சொல்லியும்விட்டேன்.

குலவை எழுந்தது.
மஸ்தேவால் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
நான் நனைந்த துணியைப்
பிழிந்துகொண்டிருந்தேன்.